போடி ஏலக்காய்: மலையில் வீணாவது என்ன, திரும்பி வர வேண்டியது என்ன?

நூறு கிலோ பச்சை ஏலக்காயைப் பறித்து உலர்த்தினால் கையில் நிற்பது சுமார் 20 கிலோ. மீதி 80 கிலோ தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்கி வெளியே அனுப்பினால்தான் பாயசத்தில் போடும் அந்தப் பச்சை நிறக் காய் கிடைக்கும். அதற்குத் தேவை வெப்பம். வெப்பத்துக்குத் தேவை விறகு. விறகுக்குத் தேவை மரம்.

‘ஏலக்காய் நகரம்’ என்று பெயரெடுத்த போடிநாயக்கனூரிலும், அதற்கு மேலே போடிமெட்டு தாண்டி விரியும் ஏலமலையிலும் பல தலைமுறைகளாக நடப்பது இதுதான். இப்போது இதே தொழிலைப் பார்த்து ஒரு புதிய கேள்வி எழுகிறது. காட்டிலிருந்து எடுப்பது, பயன்படுத்துவது, தூக்கிப்போடுவது என்ற நேர்க்கோட்டை வளைத்து வட்டமாக்க முடியுமா? புதிய தொழில்நுட்பம் அதற்கு உதவுமா? உதவும் என்றால் அந்தச் செலவு யார் தலையில் விழும்?

சர்க்குலர் எகானமி: சிம்பிளாகச் சொன்னால்…

சுழற்சிப் பொருளாதாரம் என்பது குப்பையை மறுசுழற்சி செய்வது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசிப் படி. முதல் படி, குப்பையே உருவாகாதபடி வேலையை மாற்றுவது. இரண்டாவது, ஒரு பொருளையோ இயந்திரத்தையோ முடிந்தவரை நீண்ட நாள், பலர் சேர்ந்து பயன்படுத்துவது. மூன்றாவது, மண்ணிலிருந்து எடுத்த சத்தை மண்ணுக்கே திருப்பித் தருவது. இதெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவதைத்தான் உருக்கியோ அரைத்தோ வேறு பொருளாக்க வேண்டும்.

பெயர் புதுசு, விஷயம் பழசு. போடி வட்டாரத்தின் இன்னொரு பழைய வியாபாரமான இலவம் பஞ்சையே எடுத்துக்கொள்ளலாம். பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் போகும். விதையை ஆட்டினால் எண்ணெய், பிண்ணாக்கு. காய்ந்த ஓடு அடுப்புக்கு. ஒரு காயில் தூக்கிப்போட ஏறக்குறைய எதுவும் இல்லை. இதற்கு யாரும் கருத்தரங்கு நடத்தவில்லை. காசு வந்தது, செய்தார்கள்.

அந்த வட்டாரத்திலேயே, மதிப்பு மிகுந்த பயிரான ஏலக்காயில் மட்டும் ஏன் இவ்வளவு விரயம்?

மலை ஒரு மாநிலம், சந்தை ஒரு மாநிலம்

இந்தத் தொழிலின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். ஏலத் தோட்டங்களில் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கச் சரிவுகளிலும் கொஞ்சம் உண்டு. தோட்ட வேலைக்குத் தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகிறார்கள். காய் கீழே இறங்கி போடிக்கு வருகிறது. இங்கே தரம் பிரித்து, மூட்டை கட்டி, வட இந்தியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள்.

ஏலம் நடப்பது இரண்டு இடங்களில்: இடுக்கியின் புற்றடியிலும் போடியிலும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் 2007-இல் மின்னணு ஏலம் வந்தது. 2021-இல் கிளவுட் முறை வந்த பிறகு, ஓர் ஊரில் நடக்கும் ஏலத்தில் இன்னோர் ஊரில் உட்கார்ந்தபடியே வியாபாரிகள் விலை கேட்க முடிகிறது.

இந்த ஊருக்குத் தொழில்நுட்பம் புதிதல்ல. மூணாறு தேயிலையை மலை முகட்டிலிருந்து இறக்க, டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடி வரை ரோப்வே ஓடிய சரித்திரம் இங்கே உண்டு. 1924 வெள்ளத்தில் மேலே இருந்த குண்டளவேலி ரயில்பாதை அழிந்துபோனது.

விற்பனைக்குத் தொழில்நுட்பம் வந்துவிட்டது. உற்பத்திக்கும் விரயத்துக்கும் அது இன்னும் முழுசாக வரவில்லை. சிக்கல் இங்கேதான்.

முதல் வட்டம்: வெப்பம்

எஸ்டேட்களில் ‘ஸ்டோர்’ என்று சொல்லப்படும் உலர்த்தும் கூடத்தில் பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்புவார்கள். அடுப்பில் விறகு எரியும். சூடான புகை இரும்புக் குழாய்கள் வழியாகக் கூடத்துக்குள் சுற்றிப் புகைபோக்கியில் வெளியேறும். 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஏறத்தாழ ஒரு நாள். சூடு கூடினால் காய் வெடிக்கும், நிறம் போகும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். ராத்திரி முழுக்க ஒருவர் கண்விழித்து அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலில் காயப்போட்டால் என்ன? இரண்டு சிக்கல். அறுவடையின் பெரும்பகுதி மழைக்காலத்தில் வருகிறது. அப்படியே வெயில் அடித்தாலும் நேரடி வெயிலில் பச்சை நிறம் வெளுத்துவிடும். சந்தையில் பச்சைக்குத்தான் மதிப்பு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 கிலோ தண்ணீரை ஆவியாக்க, சுமார் 50 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஒரு துளியும் வீணாகாமல் எரித்தால் 13 கிலோ விறகு போதும். ஆனால் புகைபோக்கி வழியாகவும், கூடத்தின் மேலே திறந்திருக்கும் ஜன்னல் வழியாகவும் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே காய்க்குப் போய்ச் சேர்ந்தால், தேவைப்படும் விறகு 60 கிலோவைத் தாண்டும். 20 கிலோ ஏலக்காய்க்கு 60 கிலோ மரம்.

ஹீட் பம்ப் டிரையர் இதைத்தான் மாற்றுகிறது. நம் வீட்டு ஏசி எப்படி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறதோ, அதேபோல் இந்த இயந்திரம் கூடத்திலிருந்து வரும் ஈரக் காற்றைக் குளிர்வித்துத் தண்ணீரைப் பிரித்து எடுக்கிறது. அப்போது கிடைக்கும் வெப்பத்தை மறுபடி கூடத்துக்குள்ளேயே அனுப்புகிறது. சூடு வெளியே போவதில்லை, உள்ளேயே சுற்றுகிறது. சர்க்குலர் எகானமிக்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

செலவு? இத்தகைய இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தில் 1 முதல் 4 கிலோ வரை தண்ணீரை நீக்கும். நடுவாக 2 கிலோ என்று வைத்தால் 80 கிலோ தண்ணீருக்கு 40 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 320 ரூபாய். அதாவது, ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு 16 ரூபாய். மேலே சொன்ன 60 கிலோ விறகு கிலோ 5 ரூபாய்க்குக் கிடைத்தாலும் 300 ரூபாய் ஆகும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்!

இங்கேதான் பல கட்டுரைகள் மறைக்கும் உண்மை வெளிப்படுகிறது. எரிபொருள் செலவை மட்டும் பார்த்தால் புதிய இயந்திரத்துக்கு மாற ஒரு ஸ்டோர் உரிமையாளருக்கு அவசரக் காரணம் எதுவும் இல்லை. சொந்தத் தோட்டத்து மரத்தில் கவாத்து செய்த கிளையே விறகாகும்போது அவர் கணக்கில் விறகுக்கு விலையே இல்லை. மாற்றத்துக்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே சீரான வெப்பத்தில் காய் வெடிப்பது குறையும், பச்சை நிற்கும், புகை வாசம் ஏறாது, ராத்திரிக் காவல் தேவையில்லை. இந்தத் தரத்துக்கு ஏலத்தில் கூடுதல் விலை கிடைத்தால்தான் முதலீடு திரும்பும்.

மின்சாரத்தையே நம்பவும் முடியாது. மழைக்காலத்தில் மலையில் கரண்ட் கட் சாதாரணம். பாதி உலர்ந்த நிலையில் இயந்திரம் நின்றால் மொத்தக் காயும் போச்சு. அதனால் விறகு அடுப்பை ஒரேயடியாகத் தூக்கி எறியாமல், திறனுள்ள அடுப்பாக மாற்றி, ஹீட் பம்புக்குத் துணையாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. சிக்கிமில் பெரிய ஏலக்காய்க்கு டெரி நிறுவனம் உருவாக்கிய கேசிஃபையர் உலர்த்தி இதற்கு முன்னுதாரணம். விறகை நேரடியாக எரிக்காமல் முதலில் வாயுவாக மாற்றி எரிப்பதால், குறைந்த மரத்தில் அதே வேலை முடியும். புகை படியாததால் காயின் தரமும் கூடும்.

சோலார் பேனலுக்கும் இடம் உண்டு. மழைக்காலத்தில் அது டிரையரின் மின்கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கும். கோடையில் பாசன மோட்டாரை ஓட்டும். 2024 கோடை வறட்சியில் இடுக்கியின் ஏலத் தோட்டங்கள் கருகியதைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாவது வேலையின் மதிப்பு தெரியும்.

இரண்டாவது வட்டம்: இலையும் தண்டும்

ஏலச்செடி ஆளுயரத்தைத் தாண்டி வளரும். காய்த்து ஓய்ந்த தண்டையும், காய்ந்த இலையையும் வெட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது தோட்டத்தின் மிகப் பெரிய கழிவு. அதே நேரம், மிகப் பெரிய சொத்தும் இதுதான்.

இதை எரித்து மின்சாரம் எடுக்கலாம், கரியாக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பச்சைத் தண்டில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் காயவைக்கவே தனியாக ஒரு அடுப்பு வேண்டும். ஆகவே ஈரமான தண்டுக்கு ஏற்ற வழி கம்போஸ்ட்டும் மண்புழு உரமும்தான். நிழல் மரங்களின் கிளை, காபித் தோல், இலவ ஓடு மாதிரி காய்ந்த கழிவுகளைக் காற்றில்லாமல் சுட்டு ‘பயோசார்’ எனப்படும் கரியாக்கலாம். அந்தக் கரியை கம்போஸ்ட்டோடு கலந்தால் சத்தையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும். மழை அடித்துச் செல்லும் சரிவு நிலத்தில் இது சின்ன லாபமல்ல. அடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் இருப்பதால், அமிலத்தன்மை கூடிய மலை மண்ணுக்கு அளவோடு போடலாம்.

எது எதற்குப் பொருந்தும் என்று பிரித்தறிவதுதான் இங்கே தேவையான தொழில்நுட்பம். மண் பரிசோதனை, கம்போஸ்ட் குவியலின் சூட்டைச் சொல்லும் ஒரு சாதாரண சென்சார், ஒரு ஷ்ரெடர். அவ்வளவே போதும்.

மூன்றாவது வட்டம்: தரம் பிரிக்கும் கூடம்

உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பும் பூமுனையும் நீக்கி, சல்லடையில் அளவு பார்ப்பார்கள். 8 மில்லிமீட்டர் தாண்டிய பச்சைக் காய்க்கு உச்ச விலை. வெடித்தது, வெளுத்தது, சின்னது எல்லாம் கீழே போகும். போடியின் குடோன்களில் இந்தப் பிரிப்பு வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முறத்தில் பரப்பி, கண்ணால் பார்த்து, கையால் பொறுக்குகிறார்கள்.

இப்போது கேமராவும் ஏஐ மென்பொருளும் சேர்ந்த கலர் சார்ட்டர் இயந்திரங்கள் இந்த வேலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு காயையும் படமெடுத்து, நிறம் சரியில்லாததைக் காற்றால் ஊதித் தள்ளிவிடும். வேகம் அதிகம், தரம் சீராக இருக்கும், எந்த மூட்டை எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது என்ற டேட்டாவும் சேரும்.

கழிவு குறைப்புக்கு இது நல்ல செய்தி. தள்ளப்படும் காயின் விதையில் வாசனை எண்ணெய் அப்படியே இருக்கிறது. நீராவியில் வடித்தால் எண்ணெய். கார்பன் டை ஆக்ஸைடை அழுத்தத்தில் செலுத்திப் பிரித்தால் இன்னும் மென்மையான சாறு. பயன்படுத்திய வாயுவையும் மறுபடி மறுபடி ஓட்டலாம். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை ஊதுபத்திக்கோ உரத்துக்கோ அனுப்பலாம். கேரளத்தின் ஓலியோரெசின் தொழில் இந்த வகைப் பிரித்தெடுப்பில் பெரிய பெயர் பெற்றது. போடியிலிருந்து அது எட்டாத தூரமும் அல்ல. தள்ளுபடிக் காயைச் சில்லறையாக விற்காமல் ஒரே இடத்தில் சேர்த்தால், இங்கேயே ஒரு சிறிய வடிப்பு ஆலைக்கு மூலப்பொருள் திரளும்.

ஆனால் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்கள்? பொருள் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு முறை, மனிதர்களை வீணாக்கினால் அதை ‘பசுமை’ என்று கூப்பிடுவதில் அர்த்தமில்லை. எந்தக் காய் எந்தச் சந்தைக்குப் போகும் என்பது அவர்களுக்கு இயந்திரத்தைவிட நுட்பமாகத் தெரியும். இயந்திரத்தை இயக்குவது, அது தள்ளியதை மறுபரிசோதனை செய்வது, எண்ணெய்க்கும் பொடிக்கும் பிரிப்பது, சிறு பாக்கெட் தயாரிப்பது என்று அவர்களைப் புதிய வேலைக்கு மாற்றும் திட்டம் இயந்திரத்தோடு சேர்ந்தே வர வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் ‘பிறகு’ வராது.

நான்காவது வட்டம்: காலி பாட்டில்

ஏலக்காய் அதிகமாக மருந்து தெளிக்கப்படும் பயிர்களில் ஒன்று. ஏலப்பேன், தண்டுத்துளைப்பான், அழுகல் நோய் என எதிரிகள் நிறைய. அதனால் தோட்டத்தில் குவிவது பூச்சிமருந்து பாட்டில்கள். ஓடைக்கரையிலும் சாலையோரத்திலும் அவை கிடந்தால், மழையில் மிச்ச மருந்து நேராகத் தண்ணீருக்குப் போகும். மலையில் விழும் மழை ஒரு பக்கம் கேரளத்துக்கும், மறுபக்கம் கொட்டகுடி ஆறு வழியாக தேனிக்கும் இறங்குகிறது.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், காலி டப்பாவை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்பிலிருந்து தள்ளிப் புதைக்கச் சொல்கின்றன. அது அந்தக் காலத்துத் தீர்வு. 2022-இல் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள், பிளாஸ்டிக்கில் அடைத்து விற்பவரே அதைத் திரும்பச் சேகரிக்கும் கடமையையும் ஏற்க வேண்டும் என்கின்றன. காகிதத்தில் சரி. மலை உச்சியில் இருக்கும் ஒரு பாட்டிலை யார் போய் எடுப்பது?

பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரியில் 2022-இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. காட்டில் கிடந்த பாட்டிலுக்கு ஒரு விலை வந்ததும் அது தானாகவே திரும்பியது. மருந்துக் கடையிலும் இதையே செய்யலாம். மூன்று முறை கழுவிய காலி பாட்டிலுக்குத்தான் காசு. பாட்டிலில் ஒரு கியூஆர் கோடு இருந்தால் எந்தக் கடை விற்றது, எப்போது திரும்பியது என்பது போனிலேயே தெரியும்.

பிரேசில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. 2002 முதல் அங்கே உற்பத்தியாளர், கடைக்காரர், விவசாயி மூவருக்கும் சட்டப்படி தனித்தனிப் பொறுப்பு. முதன்மைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது.

வட்டத்தில் நஞ்சும் சுற்றும்!

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கழிவை மண்ணுக்குத் திருப்புகிறோம் என்றால், கழிவில் இருக்கும் எல்லாமும் மண்ணுக்குத் திரும்பும். மருந்து தெளித்த தண்டும் தோலும் கம்போஸ்ட் ஆகும்போது, சில மருந்துகள் சிதைந்துவிடும். சில எளிதில் சிதையாது. சுழற்சி என்பது சத்தைச் சேமிப்பதுபோல் எச்சத்தையும் சேமிக்கக்கூடும்.

இதன் விலை ஏற்கெனவே தெரிந்துவிட்டது. பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காரணம் காட்டி, சவூதி அரேபியா 2018 வாக்கில் இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பியது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் அனுமதித்த அளவைத் தாண்டிய எச்சம் இருப்பதாக ஆய்வறிக்கை வர, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. சுமார் 6 லட்சத்து 65 ஆயிரம் டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் பிரசாதம் உண்ணத் தகுந்த காலத்தைக் கடந்திருந்தது. கடைசியில் அதை உரமாக மாற்றும் பொறுப்பு ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தரப்பட்டது.

பிரசாதம் உரமானது என்பதை ‘மறுசுழற்சி வெற்றி’ என்று எழுதிவிடலாம். உண்மையில் அது முதல் படியைத் தவறவிட்டதற்குக் கொடுத்த விலை. தெளிப்பைக் குறைப்பதுதான் இந்த மலையின் முதல் சுழற்சிப் பணி. பூச்சியின் எண்ணிக்கையைப் பார்த்துத் தெளிப்பது, வானிலை சார்ந்த எச்சரிக்கை, உயிரியல் கட்டுப்பாட்டுக் காரணிகள், அறுவடைக்கு முன் கட்டாய இடைவெளி. இதற்கான ஆராய்ச்சி அறிவு தூரத்தில் இல்லை. இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் 1978 முதல் இடுக்கியின் மயிலாடும்பாறையில் இருக்கிறது. தெளிப்பு குறைந்தால் தேனீயும் திரும்பும். ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீதான். தேனீ இல்லையென்றால் காய் பிடிக்காது.

திருப்பூரும் பொள்ளாச்சியும் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் சுழற்சிப் பொருளாதாரம் இரண்டு விதமாக வந்திருக்கிறது. ஒன்று, நீதிமன்றம் தள்ளி வந்தது. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் கழிவுநீரை முழுக்கச் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் மறுபடி பயன்படுத்தும் முறை திருப்பூரில் வேரூன்றியது. இன்று வெளிநாட்டு பிராண்டுகளிடம் அதைச் சொல்லியே ஆர்டர் வாங்குகிறார்கள். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வேலையிழந்தவர்கள் சாமானியர்கள். இப்போதும் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

இன்னொன்று, சந்தை இழுத்து வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளில் மலைபோல் குவிந்த தென்னை நார்க்கழிவுத் தூளை ஒரு காலத்தில் எடுத்துப்போக ஆளில்லை. அதன் உப்பைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தியதும், மண்ணில்லாமல் செடி வளர்க்கும் வெளிநாட்டுப் பண்ணைகளுக்கு அது ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது.

போடிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவோ, இன்னொரு நாட்டின் தடையோ வந்து கழுத்தைப் பிடிப்பதற்கு முன்னால் தானாக மாறலாம்.

சரி, காசு யார் போடுவது?

2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இறங்கியது. இப்படி ஊஞ்சலாடும் விலையை நம்பி யார் பல லட்சம் ரூபாய் இயந்திரத்தில் போடுவார்கள்? விலை ஏறும்போது இயந்திரம் தேவையில்லை என்று தோன்றும். இறங்கும்போது வாங்கப் பணம் இருக்காது.

சிறு விவசாயி பலருக்குச் சொந்த ஸ்டோரே கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அடுத்தவர் கூடத்தில் உலர்த்துகிறார். விறகு மிச்சமானால் லாபம் ஸ்டோர்காரருக்கு. காய் வெடித்தால் நஷ்டம் விவசாயிக்கு. இந்த ஏற்றத்தாழ்வு நீங்காதவரை நல்ல இயந்திரம் வந்தாலும் பலன் கீழே வந்து சேராது.

இதற்குப் பொருத்தமான வழி, கூட்டாகச் சொந்தம் கொள்ளும் பொது உலர்த்தும் மையம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் நடத்தலாம். ஏலக்காய் சீசன் முடிந்த மாதங்களில் இயந்திரம் சும்மா கிடக்காமல், கீழ்நாட்டு முருங்கை இலையையும் மாங்காயையும் அதே கூடத்தில் உலர்த்தலாம். ஒரே இயந்திரம், பல பயிர், பல குடும்பம். இதுவும் சுழற்சிப் பொருளாதாரம்தான்.

பணத்துக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. நறுமணப் பொருட்கள் வாரியம் மேம்பட்ட ஏலக்காய் உலர்த்திகளுக்கு மானியம் தரும் திட்டங்களை நடத்திவந்திருக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மூலதன மானியம் உண்டு. வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. சிக்கல் என்னவென்றால், இந்தத் திட்டங்கள் இயந்திரத்தை வாங்க உதவுகின்றன. நல்ல காய்க்கு நல்ல விலையை உறுதி செய்வதில்லை.

ஏலத் திரையில் இன்னொரு காலம்

அந்த விலையை உருவாக்கும் கருவி ஏற்கெனவே போடியில் இருக்கிறது: மின்னணு ஏலம். இன்று வியாபாரி எடையையும் சாம்பிளையும் பார்த்து விலை கேட்கிறார். அதே திரையில், இந்த லாட் எந்த முறையில் உலர்த்தப்பட்டது, எச்சப் பரிசோதனை முடிவு என்ன என்பதும் தெரிந்தால்? சுத்தமான காய்க்குத் தனி விலை தானாகவே உருவாகும். அந்தக் கூடுதல் ரூபாய்தான் ஹீட் பம்புக்குத் தவணை கட்டும்.

இது கற்பனை அல்ல. மிளகாய், மஞ்சளுக்குத் தோட்டம் முதல் வாங்குபவர் வரை தடம் காட்டும் பிளாக்செயின் அமைப்பை உருவாக்க, நறுமணப் பொருட்கள் வாரியம் ஐநா வளர்ச்சித் திட்டத்துடன் 2021-இல் ஒப்பந்தம் செய்தது. ஏலமே ஆன்லைனில் நடக்கும் பயிரில் அதைச் செய்வது இன்னும் எளிது.

ஒரு தடை உண்டு. ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவரும் ‘ரீபூலிங்’ பற்றி விவசாயிகள் நீண்ட நாளாகப் புகார் சொல்கிறார்கள். ஒரே மூட்டை திரும்பத் திரும்ப வந்தால் வரத்து அதிகம்போல் தெரிந்து விலை இறங்கும் என்பது அவர்கள் வாதம். இந்த மலையில் சுற்றக்கூடாத ஒரே வட்டம் அதுதான். ஒவ்வொரு லாட்டுக்கும் டிஜிட்டல் அடையாளம் இருந்தால், அதையும் கண்டுபிடிக்கலாம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. வரிசை முக்கியம்.

- தெளிப்பைக் குறைப்பது. இதற்கு இயந்திரம் வேண்டாம். ஆலோசனையும் கண்காணிப்பும் போதும்.
- காலி பாட்டிலுக்கு டெபாசிட். தேனியும் இடுக்கியும் சேர்ந்து அறிவிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பாட்டில் மறுபக்கம் போய்விடும்.
- பொது உலர்த்தும் மையம். முதலில் ஒன்றிரண்டு இடங்களில் நிறுவி, விறகு, மின்சாரம், வெடித்த காய், கிடைத்த விலை ஆகியவற்றின் கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும்.
- ஏலத் திரையில் தரத் தகவல். வாரியம் நினைத்தால் அடுத்த சீசனுக்குள் சோதனை முறையில் தொடங்கலாம்.
- தரம் பிரிக்கும் பெண்களுக்கு மறுபயிற்சி. இயந்திரத்துக்கு மானியம் கொடுக்கும்போதே இதையும் நிபந்தனையாக்க வேண்டும்.

இதில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. ‘நல்ல பச்சையா, பெருசா’ என்று கடையில் கேட்கும் ஒவ்வொரு முறையும், சற்று வெளுத்த, ஆனால் வாசனை குறையாத காய் கழிவுப் பக்கம் தள்ளப்படுகிறது. டீக்கும் பிரியாணிக்கும் இடித்துத்தான் போடப்போகிறோம். நிறத்தைவிட, எச்சப் பரிசோதனை செய்ததா என்று கேட்பது உடம்புக்கும் நல்லது, மலைக்கும் நல்லது.

போடியின் வியாபாரம் அந்த மலையின் மரம், மழை, தேனீ மூன்றையும் நம்பி நிற்கிறது. மூன்றுக்கும் இதுவரை யாரும் பில் போடவில்லை. அதனால்தான் அவை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவில்லை. 2024 கோடையில் அந்த பில்லின் ஒரு பகுதி வந்து சேர்ந்தது. மீதி வரும் முன்பு கணக்கைச் சரிசெய்வது, மேலே தோட்டம் வைத்திருப்பவருக்கும் கீழே குடோன் வைத்திருப்பவருக்கும் இரண்டு மாநில அரசுகளுக்கும் பொதுவான வேலை.